அசையாத பச்சைப் புள்ளி

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் பேச வேண்டாம் என்று நீ சொன்ன பிறகு, பேனாவைத் தேடி எடுத்து எழுதுகிறேன். என் குரல் கேட்டால் அப்பா வீடு முழுக்க என்னைத் தேடுகிறார், அலமாரியைக்கூடத் திறந்து பார்க்கிறார் என்றாய். அதை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. கொஞ்சம் வலித்தது, அவ்வளவுதான்.

இந்தப் பெட்டியில் இருப்பது அப்பாவுக்கான ஷூ. போன மாதம் அவர் கதவைத் திறந்துகொண்டு போய், கட்டடத்தின் அடித்தளத்தில் வண்டிகளுக்கு நடுவே நின்றிருந்தாரே, நீ மாடி மாடியாக ஏறி இறங்கித் தேடினாயே, அன்று அவர் சட்டைப்பையில் நான் வாங்கிக் கொடுத்த போன் இருந்தது. ஆள் கட்டடத்தில் இருக்கிறார் என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்லவில்லை. வானத்திலிருந்து வரும் சிக்னல் கான்கிரீட்டுக்குள் ஒழுங்காக நுழையாது. நான் இத்தனை வருடமாகச் சம்பளம் வாங்குவதே இந்தச் சிக்கலுக்குத்தான். பெரிய கிடங்கிலும் சுரங்கத்திலும் வேலை செய்கிறவர்கள் உள்ளே எங்கே இருக்கிறார்கள் என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டும். அதற்குத்தான் கருவி செய்கிறோம். ஊரார் காலுக்குச் செய்வதை அப்பா காலுக்குச் செய்யக் கூடாதா என்று தோன்றியது.

ஷூவின் அடியில் சின்ன சென்சார்கள் இருக்கின்றன. கால் எந்தப் பக்கம் வீசுகிறது, என்ன வேகத்தில் வீசுகிறது, எப்போது தரையில் பதிகிறது என்று பார்த்து, அடி அடியாகக் கூட்டி, ஆள் எங்கே போய்ச் சேர்ந்தார் என்று சொல்லும். கூட்டிக்கொண்டே போனால் பிழையும் சேரும் அல்லவா? அதற்கும் வழி உண்டு. பாதம் தரையில் அசையாமல் நிற்கிற நொடியில், அதுவரை சேர்ந்த பிழையை அழித்துவிட்டுப் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும்.

நீ ஒன்றும் பெரிதாகச் செய்ய வேண்டியதில்லை. காலையில் ஜன்னலோர நாற்காலியில் உட்கார வைத்து ஷூவை மாட்டு. அந்த நாற்காலிதான் தொடக்கம். வீட்டின் வரைபடத்தை ஞாபகத்திலிருந்தே வரைந்துவிட்டேன். ஹால், சமையலறை, அப்பா அறை, உன் அறை, கடைசியில் என் அறை. அதில் அப்பா ஒரு பச்சைப் புள்ளி. இங்கே உட்கார்ந்தபடி நான் பார்த்துக்கொள்வேன்.

வழக்கமாக, ஷூவைப் போடப் போகிறவரையே கொஞ்ச நேரம் நடக்கவிட்டு அவர் நடைக்குக் கருவியைப் பழக்க வேண்டும். உனக்கு எதற்குச் சிரமம் என்று நானே போட்டு நடந்துவிட்டேன். அப்பா அளவு எனக்குக் கச்சிதமாக இருக்கிறது. உயரமும் ஒன்று. "நடை அப்படியே அப்பன்தான்" என்று சித்தப்பா சொல்லாத நாள் உண்டா? அலுவலக நடைபாதையில் போய்ப் போய் வந்தேன். புள்ளி புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து நின்றது. உண்மையைச் சொன்னால், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

•

பிப்ரவரி 2

தம்பிக்கு,

ஷூ வந்து சேர்ந்தது. ஷூவை அனுப்பினாயே தவிர, காலை அதற்குள் யார் திணிப்பது என்று எழுதவில்லை. நானேதான் திணிக்கிறேன்.

கறுப்பு நிறமாகப் பார்த்து வாங்கியிருக்கிறாய். அது போதும் அவருக்கு. தியேட்டர்க்காரர்கள் கொடுத்த யூனிஃபார்ம் ஷூ என்று முடிவு கட்டிவிட்டார். அவர் டார்ச் அடித்து சீட் காட்டிய அந்தத் தியேட்டரை இடித்துத் துணிக்கடை கட்டி எவ்வளவு காலமாகிறது! இப்போது ஷூவை மாட்டியதும் நம் வீட்டில் டியூட்டி ஆரம்பம். டார்ச்சை எடுத்துக்கொண்டு வாசல் கதவுக்குப் போகிறார். யாரையோ கூட்டிக்கொண்டு வந்து ஹாலில் உட்கார வைக்கிறார். மறுபடி வாசல். மறுபடி ஹால். வெளிச்சத்தைத் தரையில் மட்டும் அடிக்கிறார், மற்றவர்கள் கண் கூசக் கூடாதாம். பின்னாலேயே நான். விழுந்துவிடுவாரோ என்று இடுப்பில் ஒரு துணிப் பட்டை கட்டி, அதன் நுனியைப் பிடித்துக்கொண்டே சுற்றுகிறேன். என் முழங்கால் கழன்றுவிடும் போலிருக்கிறது.

நேற்று என்னையே நிறுத்தி, "டிக்கெட்டைக் காட்டுங்கம்மா" என்றார். "இல்லைங்க" என்றேன். சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பரவால்ல, ஓரமா உட்காருங்க. மேனேஜருக்குத் தெரிய வேண்டாம்" என்றார். அம்மா போன பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

லேபுக்குப் போவதை விட்டுவிட்டேன். பல் செட் வேலையை வீட்டுக்கே கொண்டுவந்து செய்கிறேன். மெழுகில் பல் வரிசையை ஒட்டிக்கொண்டிருக்கும்போது அவர் கால் சத்தம் நின்றுபோனால், போட்டது போட்டபடி ஓட வேண்டும். போன வாரம் அப்படி ஓடியதில் யாரோ ஒரு பெரியவரின் மேல்வரிசை தரையில் விழுந்து மூன்றாகப் போனது. லேபில் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கண் கலங்கியது என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். இங்கே எனக்குக் கலங்க நேரமில்லை. நீ ஒரு வாரம் வந்து இருந்தால் நான் தூங்குவேன். அதை எத்தனை தடவை கேட்பது என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது.

அக்கா

•

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி எழுதுவது என்று தெரியாமல் மூன்று முறை கிழித்துப் போட்டேன். சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். அப்பாவை எங்கே வைத்திருக்கிறாய்?

தினமும் பார்க்கிறேன். காலையில் ஷூ மாட்டியதும் பச்சைப் புள்ளி ஜன்னலோர நாற்காலியில் எரிகிறது. மத்தியானமும் அங்கேதான். சாயங்காலமும் அங்கேதான். எப்போதாவது வாசற்படிப் பக்கம் ஒரு துளி நகர்கிறது, அவ்வளவுதான். ஒரு மாதமாக அந்தப் புள்ளி ஹாலைத் தாண்டவில்லை. ஆனால் உன் கடிதத்தில் அவர் வீடு முழுக்க நடக்கிறார், நீ பின்னாலேயே ஓடுகிறாய், முழங்கால் கழல்கிறது. இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும். கருவிக்குப் பொய் சொல்லத் தெரியாது, அக்கா. அதற்கு யார் மேலும் கோபம் இல்லை.

கருவியில் கோளாறோ என்றுதான் முதலில் சந்தேகப்பட்டேன். இதே மாதிரி இன்னொரு ஜோடியைப் போட்டுக்கொண்டு எங்கள் கட்டடம் முழுக்க நடந்தேன். நான் நுழைந்த ஒவ்வொரு அறையையும் சரியாகக் காட்டியது.

இடுப்பில் பட்டை கட்டியிருக்கிறேன் என்று நீயே எழுதியிருக்கிறாய். போன வருடம் போனில், "இவரைக் கட்டித்தான் போடணும் போல" என்று சொன்னதும் நீதான். அன்று அதைக் கேட்டுச் சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

உனக்குக் களைப்பு என்று புரிகிறது. வேலை முடிய வேண்டும், மெழுகு ஆறிவிடும், எல்லாம் சரி. அதற்காக ஒரு மனிதரை நாளெல்லாம் நாற்காலியில்? தியேட்டரில் ஒரு காட்சி முழுக்க உட்கார்ந்தறியாத மனிதர் அக்கா அவர்.

கோபப்படாமல் பதில் எழுது.

தம்பி

•

மார்ச் 16

கோபப்படாமல் எழுதச் சொல்கிறாய். முடியாது.

நான் அப்பாவைக் கட்டிப் போடுகிறேன் என்று எழுத உனக்குக் கை எப்படி வந்தது? சாப்பாடு ஊட்டி, வாய் துடைத்து, பாத்ரூம் கழுவி, குழந்தைபோலக் கூடவே திரிகிறவளைப் பார்த்து, உன் கம்ப்யூட்டர் சொன்னது என்று கேட்கிறாய். அதற்கு யார் மேலும் கோபம் இல்லையாம். இருந்தால்தானே மனிதன் மாதிரி யோசிக்கும்?

"கட்டித்தான் போடணும்" என்று சொன்னேன்தான். தூங்காதவள் சொன்ன பேச்சு அது. அதை இத்தனை நாள் மடித்து வைத்திருந்து இப்போது எடுத்து நீட்டுகிறாய். உன்னிடம் வாயைத் திறந்ததே என் தப்பு.

உன் ஷூவுக்கு இப்போதே வயதாகிவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன். கட்டைவிரல் பக்கம் தேய்ந்து நூல் தெரிகிறது. தெருமுக்கில் ஷூ தைக்கிறவரிடம் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "குதிகால் புதுசா இருக்கே, பெரியவர் காலைத் தூக்கவே மாட்டாரா?" என்று கேட்டார். பார், ஷூவைப் பார்த்த ஆளுக்குக்கூட அவர் நடக்கிறார் என்று தெரிகிறது.

நீ அவர் நடந்து பார்த்து எத்தனை காலமாயிற்று? வீடியோவில் முகத்தைக் காட்டினேன், நீயும் முகத்தைப் பார்த்தாய், "அப்பா நல்லா இருக்கீங்களே" என்றாய். கழுத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று ஒரு நாள் கேட்டாயா?

நான் நடக்கிறது உன் வரைபடத்தில் தெரியாது. எனக்குத்தான் ஷூ அனுப்பவில்லையே.

•

ஏப்ரல் 6

அக்காவுக்கு,

நீ எழுதியது எல்லாம் வசவு. கேட்டதற்குப் பதில் அதில் இல்லை. இரண்டு வாரம் பொறுத்தேன். புள்ளி அங்கேயே இருக்கிறது.

சித்தப்பாவிடம் பேசினேன். அவருக்கும் மனசு கேட்கவில்லை. முதியோர் பாதுகாப்பு அலுவலகத்துக்கு எழுதிவிட்டேன். இரண்டு மாத வரைபடங்களையும், நீ பட்டை பற்றி எழுதியிருந்த பக்கத்தின் நகலையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். ஒரு அதிகாரி வருவார். நல்லவர் என்று சொல்கிறார்கள். அவரிடம் எரிந்து விழாதே, அது உனக்குத்தான் எதிராகப் போகும்.

நல்ல இல்லம் ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறேன். நீளமான வராண்டா, கைப்பிடி போட்ட சுவர், கூப்பிட்ட குரலுக்கு ஆள். அங்கே அவர் நடக்கலாம். நீயும் உன் வேலையைப் பார்க்கலாம். உன் மேல் பழி போட இதைச் செய்யவில்லை. இவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு நான் செய்ய முடிந்தது இது ஒன்றுதான்.

என்னை எதிரியாக நினைக்காதே.

தம்பி

•

மே 10

எதிரியாக நினைக்கவில்லை. எதிரி என்றால் நேரில் வந்து நின்றிருப்பான்.

அந்த அதிகாரி அம்மா வந்தாள். நல்லவள்தான், நீ சொன்னது சரி. செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் வந்தாள். அன்றைக்குப் பார்த்து அப்பாவுக்குக் காய்ச்சல். மாத்திரை போட்டு ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்தார். இடுப்பில் பட்டை. அதன் நுனி நாற்காலிக் கையில் கிடந்தது. அவள் அதைக் கையில் எடுத்தாள்.

"இது என்னம்மா?"

"நடக்கும்போது பின்னாடி பிடிச்சுக்கறதுக்கு."

கோப்பைத் திறந்து உன் வரைபடங்களை ஒவ்வொன்றாக மேஜையில் பரப்பினாள். கலர் கலராக, உன் கம்பெனி பெயரோடு, அழகாகத்தான் இருந்தன. எல்லாவற்றிலும் அதே நாற்காலி, அதே பச்சை. "இவர் நடக்கறதே இல்லைன்னுதானேம்மா இதுல இருக்கு?" என்றாள். அதட்டக்கூட இல்லை. வருத்தமாகக் கேட்டாள்.

நான் என்ன சொல்வேன்? எழுப்பி நடக்கவைத்துக் காட்டட்டுமா என்றேன். காய்ச்சல்காரரை எழுப்ப வேண்டாம் என்றாள். வேறொரு நாள் வாருங்கள் என்றேன். எழுதிக்கொண்டாள். வேறு நாள் வந்தபோது கூடவே வண்டியும் வந்தது. விசாரணை முடியும்வரை இல்லத்தில் இருக்கட்டும் என்றார்கள். மகன் சம்மதம் இருக்கிறது, மகள் மேல்தான் புகார். என் சம்மதம் யாருக்கு வேண்டும்?

ஷூவை மாட்டியதும் டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று அவரே அவசரப்பட்டார். லிஃப்டில் அந்த அம்மாவைப் பார்த்து, "ஹவுஸ்ஃபுல்லுங்க, அடுத்த ஷோவுக்கு வாங்க" என்றார். அவள் அழுதுவிட்டாள். நான் அழவில்லை. வயிறு எரிகிறவளுக்குக் கண்ணீர் வராது போலிருக்கிறது.

டார்ச்சைப் பையில் வைத்தேன். பேட்டரி ஆபத்து என்று வாசலிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இப்போது அது என் மேஜை மேல் கிடக்கிறது. உன் விருப்பப்படியே என் வேலையைப் பார்க்கிறேன். வீட்டில் ஒரு சத்தம் இல்லை. மெழுகு ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடுகிறது.

•

ஜூன் 1

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பா அங்கே பொருந்திவிட்டார் என்று நினைக்கிறேன். அங்கேயும் ஷூவை மாட்டச் சொல்லிவிட்டேன், வரைபடமும் போட்டாயிற்று. கூடத்தில் அவருக்கென்று ஒரு நாற்காலி. பெரும்பாலும் அதிலேயே அமைதியாக உட்கார்ந்திருக்கிறார். அவ்வளவு நீளமான வராண்டா இருந்தும் நடக்கவில்லையே என்று எனக்கு ஏமாற்றம்தான். புது இடம், பழக நாளாகும். அதோடு, இவ்வளவு நாள் உட்கார்ந்தே பழகிய உடம்பு. உன்னைக் குத்திச் சொல்லவில்லை.

இல்லப் பொறுப்பாளர் கூப்பிட்டிருந்தார். பாதுகாப்புக்காக நாற்காலியில் ஒரு பெல்ட் போடலாமா, பிள்ளையின் சம்மதம் வேண்டும் என்றார். காரில் போடுகிறோமே, அந்த மாதிரி. அவர்தான் எழுந்திருப்பதே இல்லையே, போட்டால் என்ன குறைந்துவிடப் போகிறது என்று சரி சொல்லி, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

நீ போய்ப் பார்க்கலாம் என்று அனுமதி வந்திருக்கிறதாமே. போய்ப் பார். உனக்கும் மனசு ஆறும்.

தம்பி

•

ஜூன் 21

போய்ப் பார்த்தேன்.

நாற்காலியில் இருந்தார். வயிற்றுக்குக் குறுக்கே பெல்ட், பூட்டு பின்பக்கம், அவர் கைக்கு எட்டாத இடத்தில். நான் துணிப் பட்டை கட்டினேன், நுனி என் கையில் இருந்தது. அவர் எங்கே போனாலும் அந்தப் பட்டை கூடவே போகும். இது போகாது.

பொறுப்பாளரிடம் கேட்டேன். "என்னம்மா பண்றது, வந்த நாளா ஒரு இடத்துல நிக்கலை. வராண்டால போறவங்க வர்றவங்களையெல்லாம் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் உட்கார வைக்கிறாரு. ரெண்டு பேர் விழப் பார்த்தாங்க. உங்க தம்பி கையெழுத்து இருக்கு" என்று எடுத்து நீட்டினார். உன் கையெழுத்துதான். அம்மாவுக்கு எழுதுவாயே, அதே சுழி.

எனக்கு ஒன்றே ஒன்று மட்டும் சொல். எழுந்திருக்காத மனுஷனுக்கு எதுக்குடா பெல்ட்? அவர்கள் கேட்டபோது உனக்கு இது தோன்றவே இல்லையா?

பெல்ட்டைக் கழற்றச் சொல்லி, அவரைப் பிடித்து எழுப்பி நிறுத்தப் பார்த்தேன். முட்டி மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டார். "கால் மரத்துப் போச்சும்மா, இன்டர்வெல்ல எழுந்துக்கறேன்" என்றார்.

•

ஜூலை 12

அக்கா,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். பிறகு உட்கார்ந்து மறுபடி படித்தேன். பெல்ட் போட்டது எந்தத் தேதி என்று இல்லத்தில் கேட்டு வாங்கினேன். அதற்கு முந்தின வாரத்து வரைபடத்தையும் பிந்தின வாரத்து வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் ஒன்றுபோல இருந்தன. கட்டிப் போட்ட மனிதருக்கும் வராண்டா முழுக்க அலைந்த மனிதருக்கும் என் கருவிக்கு வித்தியாசம் தெரியவில்லை.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். நல்லதாகச் சொல்ல ஒன்றுமில்லை, சரியாகவாவது சொல்ல வேண்டும். கருவியை என் காலுக்குப் பழக்கினேன். நான் காலைத் தூக்கி வீசிப் போடுகிறவன். அந்த அளவு வீச்சு இருந்தால்தான் அது அடி என்று கணக்கில் எடுக்கும். அதற்குக் கீழே எது நடந்தாலும் கால் நிற்கிறது என்று நினைத்துக்கொள்ளும். அப்பா தேய்த்துத் தேய்த்துப் போகிறார். ஒவ்வொரு தேய்ப்பையும் பிழை என்று அழித்துவிட்டு, அவரைத் திரும்பவும் நாற்காலியில் கொண்டுபோய் வைத்திருக்கிறது. அவர் நடந்தது முழுவதையும் பிழை என்று அழித்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஷூ தைக்கிறவர் கேட்டதை நீ எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்த அன்றே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நான் உன் திட்டுகளை மட்டும்தான் படித்தேன்.

சென்சார் பதிவு செய்ததெல்லாம் அழியாமல் இருந்தது. அளவைக் குறைத்து, பிப்ரவரியிலிருந்து மறுபடி ஓட்டினேன். அக்கா, திரையில் இடமே இல்லை. வாசலுக்கும் ஹாலுக்கும் நடுவே கோடு மேல் கோடாக விழுந்து கறுத்துப் போயிருக்கிறது. நீ எழுதியது அத்தனையும் இருக்கிறது. சில இடங்களில் திடீரென்று நின்று மெல்லத் திரும்புகிறார். அங்கெல்லாம் நீ பட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறாய் என்று தெரிகிறது.

ஒன்று மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. தினமும் பல தடவை கடைசி அறைக்கு, என் அறைக்கு, போயிருக்கிறார். வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறார். என் குரல் கேட்காமலே என்னைத் தேடியிருக்கிறார். நீ இதை எனக்கு எழுதவே இல்லை.

அலுவலகத்துக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பிவிட்டேன், தப்பு என்னுடையது, உன் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று. பெல்ட்டைக் கழற்றச் சொல்லிவிட்டேன். அப்பாவை வீட்டுக்கு அழைத்துக்கொள். இந்த மாதிரிப் பிழை எங்கள் துறையில் பெரிய பெரிய நிபுணர்களுக்கும் வந்திருக்கிறது என்று எழுத நினைத்தேன். எழுதி என்ன ஆகப் போகிறது?

நான் வரட்டுமா?

தம்பி

•

செப்டம்பர் 4

தம்பிக்கு,

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்து வைத்தார்கள். அந்த அதிகாரி அம்மாவும் கூட வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அவளிடம் எனக்குக் கோபமில்லை. அவள் காகிதத்தை நம்பினாள், அது அவள் வேலை. நீ காகிதத்தை நம்பினாய், நான் உன் அக்கா.

கால் இரண்டும் போய்விட்டது. இந்த வயதில் தசை ஒரு தடவை இளைத்துப் படுத்தால் எழுப்புவது கஷ்டம் என்கிறார் டாக்டர். பயிற்சி கொடுக்கப் பெண் ஒருத்தி வருகிறாள். காலை மடக்கி நீட்டுகிறாள். அவர் அவளுக்கு மரியாதையாக வழிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

உன் விளக்கத்தைப் படித்தேன். புரிந்தது. நானும் அளவெடுத்துப் பிழைக்கிறவள்தான். ஒவ்வொரு வாய்க்கும் தனித்தனியாக அச்சு எடுத்துத்தான் பல் செட் செய்கிறேன். அப்பாவும் பிள்ளையும் ஒரே ஜாடை என்று பிள்ளை வாயில் அச்செடுத்து அப்பாவுக்குப் பல் கட்டிக் கொடுத்தால், லேபில் என்னை வாசலோடு துரத்திவிடுவார்கள். உன் மனசில் இருக்கிற அப்பா உன்னை வழியனுப்பி வைத்த நாளில் காலை வீசி நடந்த அப்பா. அந்த மனிதருக்குத்தான் ஷூ செய்து அனுப்பினாய். பெல்ட்டை இந்த மனிதருக்குப் போட்டாய்.

கடைசி அறை பற்றி எழுதியிருந்தாய். படித்துவிட்டுச் சும்மா விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன், மனசு வரவில்லை. அது உன் அறை இல்லை. நீ போன மறு வருடமே உன் கட்டிலைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, என் மேஜையை அங்கே போட்டாயிற்று. பல் அச்சு வார்க்கிற மாவு, மெழுகு அடுப்பு எல்லாம் அங்கேதான். இடுப்புப் பட்டையை விட்டுவிட்டு நான் வேலை பார்க்க உட்கார்ந்தால், கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் வாசலில் வந்து நிற்பார். டார்ச்சைத் தரையில் அடித்து, "சீட் கிடைச்சுதாம்மா?" என்று கேட்பார். "கிடைச்சுதுங்க" என்பேன். போய்விடுவார். அவர் வந்தது என்னைப் பார்க்க. அந்த ஒன்றையாவது எனக்கு விட்டுவிடு.

வரட்டுமா என்று கேட்டிருந்தாய். பிப்ரவரியில் கேட்டிருந்தால் வாசலிலேயே நின்றிருப்பேன். இப்போது வந்து என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியவில்லை. வராதே என்று சொல்லவும் நான் யார்? பிள்ளை நீ. வந்தால் அவர் உனக்கும் ஒரு சீட் காட்டுவார். யார் என்று கேட்க மாட்டார்.

இந்தக் கடிதத்தோடு ஷூவைத் திருப்பி அனுப்புகிறேன். கட்டைவிரல் பக்கம் தேய்ந்திருப்பதைக் கையால் தடவிப் பார். வேண்டுமானால் நீயே போட்டுக்கொள், அளவு கச்சிதம் என்று நீதான் எழுதியிருந்தாய்.

பெட்டியில் வைப்பதற்கு முன்னால், நேற்றுக் காலையில் கடைசியாக ஒரு தடவை அவர் காலில் மாட்டிவிட்டேன். நீ சொன்ன மாதிரியே ஜன்னலோர நாற்காலியில் உட்கார வைத்து மாட்டினேன். சாயங்காலம்தான் கழற்றினேன். திறந்து பார். புள்ளி அசைந்திருக்காது. இந்தத் தடவை உன் கருவியில் ஒரு பிழையும் இல்லை.

அக்கா